நீக்கல் முறையில் புள்ளிகள் பறிபோகும் இடம்

பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்திவரும் எனக்கு, ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் (ஒரே மதிப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தவேண்டிய சமன்பாடுகள்) பாடம் வரும்போதெல்லாம் ஒரே கவலைதான். தமிழ்ப்பள்ளியை முடித்து முதலாம் படிவத்தில் நுழையும் பிள்ளை, அந்த ஆண்டிலேயே இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடுகளுக்குத் தீர்வு காணக் கற்கிறது. நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்தால் மாறிகள் மூன்றாகின்றன. இடையில் மூன்று ஆண்டுகள் ஓடியும் பலரிடம் பழைய தவறுகள் அப்படியே தங்கியிருக்கின்றன. ஒரு மாறியை அடிபடச் செய்து மற்றதைக் காணும் நீக்கல் முறையைக் கேட்டால் மளமளவென ஒப்பிப்பார்கள். அது ஏன் செல்லும் என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஏன் செல்லும் என்பதற்கு நான் உணவுக்கடை மேசைகளைத்தான் காட்டுவேன். ஒரு மேசையில் மூன்று ரொட்டி சானாய், இரண்டு தே தாரிக். கணக்கு 9 ரிங்கிட் 80 சென். பக்கத்து மேசையில் அதே மூன்று ரொட்டி, நான்கு தே தாரிக். 14 ரிங்கிட் 20 சென். ரொட்டிக்கான பணம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது; மிஞ்சிய 4 ரிங்கிட் 40 சென் இரண்டு தே தாரிக்கின் விலை என்பதைப் பிள்ளைகள் பேனாவை எடுக்காமலே சொல்லிவிடுகிறார்கள். சமமானவற்றிலிருந்து சமமானவற்றைக் கழித்தால் மிஞ்சுபவையும் சமம் என்ற இந்த ஒன்றின்மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது. ரொட்டியின் எண்ணிக்கை ஒத்துவராதபோது ஒரு மேசையின் கணக்கை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்குகிறோம். அப்போது உணவும் தொகையும் சேர்ந்தே பெருகவேண்டும். இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு வலப்பக்கத்தை அப்படியே விடும் மாணவர், ஆறு ரொட்டி சாப்பிட்டுவிட்டு மூன்று ரொட்டிக்குப் பணம் கொடுக்கிறார்.

ஆனால் அதிகமான புள்ளிகள் பறிபோவது கழிக்கும் வரியில்தான். வகுப்பில் நான் அடிக்கடி கொடுக்கும் கணக்கு இது: 5எக்ஸ் + 3வை = 1, 5எக்ஸ் − 4வை = 22. முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 3வை − (−4வை), அதாவது 7வை வரவேண்டும், வலப்பக்கம் −21. ஆகவே வை = −3, எக்ஸ் = 2. பல நோட்டுப் புத்தகங்களில் இந்த இடத்தில் 3வை − 4வை = −வை என்று இருக்கும். அதிலிருந்து வை = 21 என்று முடிவுகட்டி, அதை முதல் சமன்பாட்டில் பிரதியிட்டு எக்ஸ் = −62/5 என்று எழுதியிருப்பார்கள்.

இதைவிட வருத்தம் தருவது அடுத்த வரி. விடையைச் சரிபார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பதால், அதே முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்து, −62 + 63 = 1 என்று கண்டு, சரி என்று குறியிட்டிருப்பார்கள். எந்தச் சமன்பாட்டில் பிரதியிட்டு எக்ஸைக் கண்டுபிடித்தோமோ, அந்தச் சமன்பாடு வையின் மதிப்பு தவறாக இருந்தாலும் பொருந்தத்தான் செய்யும். அங்கே செய்யும் சோதனை எதையும் சோதிப்பதில்லை. இரண்டாவது சமன்பாட்டில் போட்டிருந்தால் −62 − 84 = −146 வந்திருக்கும்; 22 எங்கே, −146 எங்கே! பெற்றோர்களும் பிள்ளையின் நோட்டைப் புரட்டும்போது, சோதனை எந்தச் சமன்பாட்டில் நடந்திருக்கிறது என்று பார்க்கலாம். அதற்குக் கணிதப் புலமை வேண்டியதில்லை.

கழித்தலில் தடுமாறும் பிள்ளைகளிடம், கழிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சமன்பாட்டை −1 ஆல் பெருக்கி, −5எக்ஸ் + 4வை = −22 என்று தனி வரியில் எழுதி, பிறகு இரண்டையும் கூட்டவேண்டும். ஒரு வரி கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் குறி மாற்றமும் கணக்கீடும் ஒரே நேரத்தில் மனத்துக்குள் நடக்கவேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. குறியைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வது பழைய ஏற்பாடுதான். இதே முறையைக் கணக்குக் குச்சிகளால் செய்த சீனக் கணிதர்கள் நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சியும் எதிர் எண்ணுக்குக் கறுப்புக் குச்சியும் பயன்படுத்தியதை, கி.பி. 263இல் லியூ ஹுய் என்ற கணிதர் பழைய கணித நூல் ஒன்றுக்கு எழுதிய உரையிலேயே காணலாம்.

சில கணக்குகளில் இரண்டு மாறிகளும் ஒருசேர மறைந்துவிடும். 2எக்ஸ் − 3வை = 4 என்பதோடு −4எக்ஸ் + 6வை = −8 வந்தால் 0 = 0 என்று முடியும்; வரைபடமாக வரைந்தால் இரண்டும் ஒரே கோடு, தீர்வுகள் எண்ணற்றவை. −8க்குப் பதிலாக 5 இருந்தால் 0 = 13 என்று வரும்; இணைகோடுகள், தீர்வே இல்லை. இவற்றைத் தவறு என்று நினைத்து அடித்துவிட வேண்டாம்.

மூன்று மாறிகளில் மட்டும் 0 = 0 வேறு காரணத்தாலும் வரக்கூடும். (1), (2) ஆகிய சமன்பாடுகளிலிருந்து இஸட்டை நீக்கினால், அடுத்து (2), (3) ஆகியவற்றிலிருந்தும் இஸட்டையேதான் நீக்கவேண்டும். அங்கே எக்ஸை நீக்கினால், ஒன்றில் எக்ஸும் வையும், மற்றதில் வையும் இஸட்டும் நின்று, மேலே போக வழியில்லாமல் மாணவர் சுற்றிச் சுற்றி வருவார். மூன்றாவது சமன்பாட்டைத் தொடாமல் முதலிரண்டையே மீண்டும் பயன்படுத்தினாலோ, கடைசியில் 0 = 0 வந்து நிற்கும். ஆகவே எண்ணற்ற தீர்வுகள் என்று எழுதும் முன், (3) என்ற எண் செய்முறையின் ஓரத்தில் எங்காவது வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.