அலாரத்தை அணைத்த கை

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கிறார். குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறார். தை முதல் தேதியிலிருந்து தினமும் காலை 5 மணிக்கு எழுந்து படிப்பது என்று முடிவெடுத்தாராம். "21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார்கள் அண்ணா. முதல் எட்டு நாள், அலாரத்தை இரண்டு மூன்று தடவை தள்ளிப்போட்டாலும் எழுந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் அது அடித்ததே தெரியவில்லை. அணைத்தது என் கைதான் என்று அம்மா சொல்கிறார். ஆறு மணிக்கு டீ ஃபேக்டரி சங்கு ஊதியபோதுதான் விழித்தேன். அதோடு விட்டுப்போச்சு. எனக்கு மன உறுதியே கிடையாதோ?"

தை மாதக் குளிரில், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நேரத்தில் எட்டு நாள் எழுந்தவரை மன உறுதி இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு வரி என் மனதை விட்டுப் போகவே இல்லை. அணைத்தது என் கைதான். பழக்கம் எப்படி உருவாகிறது என்பது முழுக்க அந்த வரிக்குள் இருக்கிறது.

முதலில் இந்த 21 நாள் கணக்கு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது அது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். காலப்போக்கில் 'குறைந்தது' உதிர்ந்துபோனது, முகமும் போனது, 21 மட்டும் தங்கிவிட்டது. 2009-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது மாதிரியான சின்னச் சின்ன வேலைகள் எப்போது யோசிக்காமலே நடக்க ஆரம்பிக்கின்றன என்று பார்த்தார்கள். நடுவில் நின்ற எண் 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற நரம்புத் திரள் இருக்கிறது. அதன் ஒரு பகுதி ஸ்ட்ரையேட்டம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபீல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் எலிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் மிக மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி, 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டார்கள். ஒரு 'கிளிக்' சத்தத்தோடு கதவு திறக்கும். எலி ஓடும். வழியில் ஒரு ஒலி கேட்கும். ஒலி ஒரு மாதிரி இருந்தால் இடதுபக்கம், வேறு மாதிரி இருந்தால் வலதுபக்கம். சரியாகத் திரும்பினால் சாக்லேட்.

முதல் நாட்களில் அந்த நரம்பணுக்கள் பாதை முழுக்க, குறிப்பாகத் திரும்பும் இடத்தில், படபடவென்று துடித்தன. நாளாக ஆக எலிகள் தேர்ந்தன. அப்போது துடிப்பின் வடிவமே மாறிப்போனது. கதவு திறக்கும்போது ஒரு பெரிய துடிப்பு, சாக்லேட்டை எட்டும்போது இன்னொன்று, நடுவில் ஏறக்குறைய அமைதி. ஓட்டம், ஒலியைக் கேட்பது, திரும்புவது எல்லாம் ஒரே கட்டாகிவிட்டது. கட்டின் இரண்டு முனைகளில் மட்டும் மூளை முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. 1999-இல் வெளியான இந்த ஆய்வை முதன்முதலில் படித்த அன்று எனக்கு என் அத்தையின் கைகள்தான் ஞாபகம் வந்தன.

அத்தை குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று அவர் விரல்கள் செடிமேல் போகும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. பக்கத்துச் செடிக்காரரோடு ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். கை பாட்டுக்கு முற்றிய இலையை விட்டுவிட்டு இளசை மட்டும் கிள்ளும். சின்ன வயதில் ஒரு நாள், "எந்த இலையை விடணும்னு எப்படி அத்தை தெரியுது?" என்று கேட்டேன். சொல்லிக்காட்டப் பார்த்தார். கை தடுமாறிவிட்டது. "போடா, முதல் செடியில கை வைக்கிற வரைக்கும்தான் நெனப்பு. அப்புறம் எடை போடும்போதுதான் நெனப்பு வரும்" என்றார். தொடக்கமும் முடிவும். எலிகளின் மூளையில் கம்பி வைத்துக் கண்டுபிடித்ததை அவர் தன் விரல்களிலிருந்தே சொல்லிவிட்டார்.

இப்போது அந்தத் தங்கையின் அலாரத்துக்கு வருவோம். அங்கே கட்டின் முதல் முடிச்சு மணிச்சத்தம். செயல், கை நீண்டு பொத்தானை அழுத்துவது. முடிவில் கிடைப்பது கம்பளியின் கதகதப்பு, அதுவும் அந்த விநாடியே. படிப்புக்குக் கிடைக்கப்போகும் பரிசோ பல மாதம் தள்ளி இருக்கிறது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைப் பற்றி வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளில் கண்டது இங்கே பொருந்தும்: பரிசு கிடைக்கும்போது வந்த துடிப்பு, பழகியபின் பரிசை முன்னறிவிக்கும் அடையாளத்துக்கே வந்துவிடுகிறது. எட்டு நாளில் அவர் எட்டு தடவை படித்தார், ஆனால் அலாரத்தை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அணைத்தார். ஆகவே பழக்கம் உருவாகவில்லை என்பது தப்பு. உருவானது, அணைக்கும் பழக்கம். அவர் மூளை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

அவர் உறவினர் ஒருவர் கண் பட்டுவிட்டது என்றாராம், இன்னொருவர் ராசி சரியில்லை என்றாராம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. எலுமிச்சையைச் சுற்றிப் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைக்கலாம். ஆனால் இருபது வயதுப் பெண் காரணத்தைத் தேடும் நேரத்தில் தவறான கதவைக் காட்டிவிடுகிறார்களே! அப்புறம் அவர் சரியான கதவுக்கு எப்போது வருவது? எலி ஓடுவதைப் பார்க்க வருஷக்கணக்கில் பணமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்து தலைமுறை தலைமுறையாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். உடனே பலன் கேட்காத இந்த மாதிரி வேலைகளுக்கு நம் நாடு இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

பழைய பழக்கம் அழியுமா என்றும் தங்கை கேட்டிருந்தார். கிரேபீல் குழு 2012-இல் அதையும் சோதித்தது. பழகிய எலிகளுக்கு சாக்லேட் பால் குடித்தால் குமட்டும்படி செய்தார்கள். அப்படியும் ஒலி கேட்டதும் அந்தப் பால் இருந்த பக்கமே ஓடின. மூளையின் முன்பகுதியில் ஒரு சிறு இடத்தை ஒளியால் அடக்கியபோது ஓடுவதை விட்டன, நாளடைவில் புதுப் பழக்கமும் வந்தது. அதே இடத்தை மறுபடி அடக்கினால் பழைய ஓட்டம் அப்படியே திரும்பியது! அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. வேலைச் சங்கு ஊதினால் இன்றும் அவர் கை இடுப்புக்குப் போகிறது, கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் பிளாஸ்டிக் தாளைக் கட்ட.

ஆகவே தங்கச்சி, அந்த அலாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதன் சத்தம் இப்போது தூக்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. உங்கள் ஊர்ச் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதை யாராலும் அணைக்க முடியாது. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார். சங்கு ஊதியதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உட்கார்ந்து, தலைமாட்டில் வைத்திருக்கும் புத்தகத்தை மடியில் விரிப்பது. கம்பளியைப் போர்த்திக்கொண்டே படியுங்கள், குளிரோடு சண்டை எதற்கு? டீயை மட்டும் படித்து முடித்தபின் குடியுங்கள். உங்கள் சாக்லேட் அதுதான். நாட்குறிப்பில் ஒன்று என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். விட்ட நாளை வெறுமையாக விட்டு, அடுத்த வரியில் ஒன்பது என்று எழுதுங்கள்.