நரம்புப் பெப்ரைட்டு: சொல்லும் வேலையும்

உயர்தர உயிரியல் படிக்கும் நம் மலையகப் பிள்ளைகள் பலர் 'நியூரோபெப்டைட்' என்பதை 'நரம்புப் புரதம்' என்று எழுதிவிடுகிறார்கள். புரதம் அமினோ அமிலங்களின் நெடுஞ்சங்கிலி, இதுவோ நரம்புக் கலங்கள் சுரக்கும், சில அமினோ அமிலங்கள் முதல் சில பத்து வரை கோத்த குறுஞ்சங்கிலி. சோமட்டோஸ்டட்டின் என்ற நியூரோபெப்டைட்டின் ஒரு வடிவத்தில் 14 அமினோ அமிலங்கள், நியூரோபெப்டைட் வை (Y) என்பதில் 36.

'பெப்டைட்' (நம் எழுத்தில் பெப்ரைட்டு) 1902இல் வேதியியலாளர் எமில் பிஷர் ஆக்கிய சொல். அதன் கிரேக்க வேருக்குச் 'சமிபாடடைந்தது' என்று பொருள்; புரதம் சமிபாடடையும்போது உடையும் துண்டுகள் பெப்ரைட்டுகள்தானே. 'நியூரோன்' கிரேக்கத்தில் தசைநாணையும் தந்தியையும் குறித்தது. யாழ்நரம்பு என்று நாமும் சொன்னவர்கள்தான். ஆகவே 'நரம்புப் பெப்ரைட்டு' போதும். தமிழ்நாட்டு நூல்களில் 'நரம்புப் பெப்டைடு' என்று தேடுங்கள்.

இனி வேலை. தை மாத விடியலில், நுவரெலியாவில் பனி விழுந்து கொழுந்து கருகும் நேரம், விரல்கள் வெளிறுவது, நாம் நினைக்காமலே குருதிக்கலன்களை இயக்கும் பரிவு நரம்புகளால். நரம்பு முனைக்குள் கல்சியம் அயன் அதற்கான கால்வாய் (மென்சவ்விலுள்ள புரத வாயில்) வழியே புகுந்தால்தான், குருதிக்கலனைச் சுருக்கும் நோர்அட்ரினலின் வெளியேறும். கூடவே நியூரோபெப்டைட் வையும் வரும். அது குருதிக்கலனைச் சுருக்க உதவுவதோடு, வந்த முனைக்கே திரும்பி, அங்குள்ள வாங்கியில் (பெப்ரைட்டை ஏற்கும் புரதத்தில்) ஒட்டி, மேற்கொண்டு சுரப்பதைக் குறைக்கிறது.

எப்படி? இங்கேதான் 'கால்வாயை அடைக்கிறது' என்று எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். அடைப்பது கூம்புச்சங்கின் நஞ்சு. அதுவும் பெப்ரைட்டுத்தான், ஆனால் துவாரத்திலேயே குந்திவிடும். நரம்புப் பெப்ரைட்டு கால்வாயைத் தொடுவதே இல்லை. வாங்கி, செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் ஜீ-புரதத்தைத் (G) தூண்ட, அதிலிருந்து பிரியும் பீட்டா-காமா பகுதி 'என்' (N) வகைக் கல்சியக் கால்வாயில் ஒட்டுகிறது. கால்வாய் திறக்கத் தயங்கும்; திறந்தாலும் மெதுவாகத்தான். ஆய்வில், அளப்பதற்குச் சற்று முன் +80 மில்லிவோல்ட் அளவில் ஒரு வலுவான மின்துடிப்புக் கொடுத்தால் அந்தப் பகுதி கழன்று, கால்வாய் வழியான மின்னோட்டம் பெருமளவு மீளும். அடைப்பு இப்படி மீளாது. அதனால் 'ஒழுங்குபடுத்தல்' என்றே எழுதுங்கள். எல்லாப் பெப்ரைட்டுக்கும் இதே வழி என்றும் எண்ணவேண்டாம். 'பொருள் பீ' (substance P) என்ற நரம்புப் பெப்ரைட்டு வேறு பாதையிலும் போகும்.

இந்த மின்னோட்டத்தை அளக்கும்போது கல்சியத்துக்குப் பதில் பேரியம் வைப்பார்கள். சோடியம், பொற்றாசிய ஓட்டங்களை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அளக்கும் நுண்குழாயால் கலத்தைத் துளைத்த சில நிமிடங்களில் ஓட்டம் தானாகவே ஓயத் தொடங்கும். நுண்குழாய்க் கரைசலில், கலத்துக்குச் சக்தி தரும் ஏடிபீயும் (ATP) ஜீ-புரதத்துக்கு வேண்டிய ஜீடிபீயும் (GTP) இல்லாவிட்டால் இன்னும் மோசம்: ஜீடிபீ தீர்ந்தால் ஜீ-புரதமும் வேலைசெய்யாது. பெப்ரைட்டைக் கழுவிய பின்னும் ஓட்டம் மீளாவிட்டால், குறைந்ததற்குப் பெப்ரைட்டைக் குற்றம் சொல்லமுடியாது. பெப்ரைட்டு இட்டும் ஓட்டம் ஒன்றுமே குறையாவிட்டால், பெப்ரைட்டுக் கரைசல் இருந்த குழாயைப் பாருங்கள். ஐதான கரைசலில் பெப்ரைட்டு பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.