ஜென்ட்ரிஃபிகேஷன் – மேட்டுக்குடியாக்கம்

உழைக்கும் மக்கள் குடியிருக்கும் நகரப் பகுதிக்குள் வசதி படைத்தவர்கள் வருகிறார்கள். பழைய வீடுகள் புதுக்கோலம் பெறுகின்றன, வாடகையும் மனை விலையும் ஏறுகின்றன, ஏற்கெனவே இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் காலி செய்கிறார்கள். இந்த மொத்தப் போக்குக்கும் பெயர் ஜென்ட்ரிஃபிகேஷன். யாரும் வெளியேறாமல் தெரு மட்டும் சீரானால் அதை இப்படி அழைக்கக் கூடாது.

சொல்லை உருவாக்கியவர் ரூத் கிளாஸ். பெர்லினில் பிறந்து லண்டனில் வாழ்ந்த மார்க்சியச் சமூகவியலாளர். லண்டனின் மாற்றங்கள் பற்றி 1964இல் வந்த நூலின் முன்னுரையில் இதை எழுதினார். தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நடுத்தர வர்க்கம் ஒவ்வொன்றாகப் புகுந்ததையும், குத்தகை முடிந்த எளிய வீடுகள் விலை கூடிய வீடுகளாக மாறியதையும் அதில் பதிவு செய்தார். லண்டனின் இஸ்லிங்டன் பகுதி இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம்.

'ஜென்ட்ரி' என்பது இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு அடுத்த படியில் இருந்த நிலவுடைமை வர்க்கம். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஆதி வேர், குலத்தைக் குறிக்கும் லத்தீன் 'ஜென்ஸ்'. லண்டனில் புதிதாகக் குடியேறியவர்கள் நிலக்கிழார்கள் அல்லர். ஆனாலும் அந்தப் பெயரை அவர்கள்மேல் ஏற்றியதில் நல்ல குத்தல் இருக்கிறது.

சரி, இது ஏன் நடக்கிறது? புதியவர்களின் ரசனை மாறியதுதான் காரணம் என்ற விளக்கத்தை 1979இல் புவியியலாளர் நீல் ஸ்மித் மறுத்தார். நகரத்துக்குத் திரும்புவது மக்கள் அல்ல, மூலதனம் என்றார். பராமரிப்பின்றி விடப்பட்ட பகுதியில் ஒரு மனை இன்று ஈட்டும் நிலவாடகைக்கும், வேறு விதமாகப் பயன்படுத்தினால் ஈட்டக்கூடிய நிலவாடகைக்கும் இடையே இடைவெளி வளர்கிறது. அது போதுமான அளவு அகன்றதும் முதலீடு பாய்கிறது. அப்படியென்றால் முந்தைய சீரழிவும் பிந்தைய பொலிவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். எனக்கு இதுவே மிக வலுவான விளக்கமாகத் தோன்றுகிறது. நகரத் திட்டமிடல் அறிஞர் பீட்டர் மார்க்யூஸ் 1985இல் இன்னொன்றைச் சேர்த்தார்: வெளியேற்றப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் போதாது, விலை ஏறியதால் அங்கே குடிவரவே முடியாமல் போனவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் எளிதில் அகப்படுவதில்லை.

தமிழில் 'நகரப் புத்துயிர்ப்பு', 'நகர மேம்பாடு' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டிலும் வர்க்கம் மறைந்துவிடுகிறது. கட்டடம்தான் தெரிகிறது, காலி செய்த குடும்பம் தெரியவில்லை. 'குடிப்பெயர்வு' என்றாலோ யார் வந்தார்கள் என்பது விடுபடுகிறது. 'மேட்டுக்குடியாக்கம்' பொருத்தமானது. மேட்டுக்குடி ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்; 'ஆக்கம்' நகரமயமாக்கம், தனியார்மயமாக்கம் போல ஒரு போக்கைச் சுட்டுகிறது. நடுத்தர வர்க்கத்தை மேட்டுக்குடி எனலாமா என்று கேட்டால், ஆங்கில மூலத்திலும் அதே மிகை இருக்கிறது. ஒரு பகுதி மேட்டுக்குடியாகிறது, மேட்டுக்குடியாக்க எதிர்ப்பு இயக்கம் என்றெல்லாம் தடங்கலின்றி எழுதவும் முடிகிறது.