ஜப்பானின் ‘உயிருள்ள தேசியப் பொக்கிஷம்’: யாருக்கு, எவ்வளவு, எதற்கு?

ஜப்பானில் ஒரு குயவரை ‘நிங்கென் கொக்குஹோ’ என்றால், உயிருள்ள தேசியப் பொக்கிஷம் என்று அர்த்தம். ஆனால் இது மக்கள் வாயில் புழங்கும் பெயர், சட்டத்தில் இல்லை. சட்டப்படி அவர் ‘தொட்டுப் பார்க்க முடியாத முக்கியப் பண்பாட்டுச் சொத்தைக் கைவசம் வைத்திருப்பவர்’. நீட்டி முழக்கும் பெயர்தான், ஆனாலும் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. சொத்து என்பது அந்த வேலைநுட்பம்.

1949 ஜனவரியில் ஹோரியூஜி என்ற பழம்பெரும் புத்தக் கோயிலில் தீப்பிடித்துப் பழைய சுவரோவியங்கள் கருகின. அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1954இல் அதைத் திருத்தி இந்த அங்கீகாரத்தைக் கொண்டுவந்தார்கள். 1955இல் வந்த முதல் பட்டியலிலேயே மஷிகோ ஊர்க் குயவர் ஹமாடா ஷோஜி இருந்தார்.

இதை விண்ணப்பம் போட்டு வாங்க முடியாது. நிபுணர் குழு ஆராய்ந்து சொன்ன பிறகு அமைச்சர் அறிவிப்பார். ஆண்டுக்கு 20 லட்சம் யென் கிடைக்கும். பென்ஷன் மாதிரி வீட்டுச் செலவுக்குத் தருவதல்ல. கைத்திறனை மெருகேற்றவும் அடுத்தவருக்குப் பழக்கவும் தருவது. அவர் காலமானால் அங்கீகாரமும் முடிந்தது, பிள்ளைக்குப் போகாது.

சரி, ஒரே ஆளால் முடியாத வேலை என்றால்? குழுவாகவும் அங்கீகரிப்பார்கள். ஒகினாவாவின் கிஜோகா கிராமத்தில் வாழைநாரில் ‘பாஷோஃபு’ துணி நெய்கிறார்கள். மட்டையை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கிலால் வழித்து, நாரோடு நாரை முடிச்சுப் போட்டு நூலாக்க வேண்டும். ஒரு கிமோனோவுக்குச் சுமார் 200 வாழை. இந்தக் குழுவுக்கு 1974இல் அங்கீகாரம் கிடைத்தது. அதை வழிநடத்திய தைரா தொஷிகோ 2000இல் தனிநபராகவும் தேர்வானார்.

அன்றாடம் புழங்கும் கைவினைப் பொருள்களுக்கு 1974இல் தொழில்துறை தனிச் சட்டம் போட்டது. நுட்பம் நூறாண்டுப் பழமையானதாக இருக்க வேண்டும். முக்கிய வேலை கையால் நடக்க வேண்டும். ‘மரபுக் கைவினைஞர்’ பட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவமும் தேர்வும் உண்டு. இளவயதில் வருபவருக்கு இது நீண்ட காத்திருப்புதான்.

எனக்குப் பிடித்தது பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தில் 1975இல் சேர்ந்த பிரிவு. கலைப்பொருள் செய்பவரை விட்டுவிட்டு, அவருக்கு வேண்டிய மூலப்பொருளையும் கருவியையும் தருபவரைப் பார்க்கிறது அது. மரப்பொருள்கள் மேல் பூசும் ‘உருஷி’ மெருகுக்கு மரப்பால் வடிப்பவர்கள் அதில் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் தருவது சுமார் 200 மில்லிலிட்டர். பால் வடித்து முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுகிறார்கள்.