மோனே குளத்துல பச்சை எங்க போச்சு? கண்புரை பத்தி ஒரு கண் டாக்டர்

கண்புரைன்னா எழுத்து மங்கலா தெரியும்னு தான் எல்லாரும் நினைக்கிறாங்க, அதுக்கு முன்னாடியே கலர் போக ஆரம்பிச்சிடும்னு பல பேருக்கு தெரியறதில்ல. இதை விளக்க பேஷன்ட்டுங்களுக்கு போன்ல ரெண்டு ஓவியம் காட்டுவேன். ரெண்டும் ஓவியர் கிளாட் மோனே வரைஞ்சது, ஒரே இடம் தான், பிரான்ஸ்ல ஜிவெர்னியில அவர் வீட்டுத் தோட்டத்துக் குளமும் அதுமேல இருந்த ஜப்பான் ஸ்டைல் மரப்பாலமும். 1899ல வரைஞ்சதுல பாலம், புல்லு, அல்லி இலை எல்லாமே பச்சை, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற பச்சை. 1920 வாக்குல வரைஞ்சதுல சிவப்பும் பழுப்பும் அப்பிக் கிடக்கும், பாலம் எங்கன்னு தேடணும்.

நடுவுல, 1912ல, அவருக்கு ரெண்டு கண்ணுலயும் புரைன்னு சொல்லிட்டாங்க. மாற்றம் எல்லாத்துக்கும் புரை தான் காரணம்னு நான் சொல்லல, வயசாக ஆக அவர் வரையற விதமும் மாறிட்டே தான் இருந்துச்சு. ஆனா புரையில கண்ணுக்குள்ள இருக்க லென்ஸ் மஞ்சளாகி அப்புறம் பழுப்பாகும், டீ டிகாக்ஷன் வழியா பாக்கற மாதிரி, நீலமும் ஊதாவும் சரியா உள்ள வராது. வருஷக்கணக்கா மெதுவா நடக்கறதால மூளையும் பழகிடும்.

காலை வெளிச்சத்துல தண்ணி என்ன கலர், சாயங்காலம் என்ன கலர்னு பாத்துப் பாத்தே வாழ்ந்த மனுஷன், கடைசில ட்யூப்ல இருக்க பேரைப் படிச்சு பெயின்ட் எடுக்க வேண்டி வந்துச்சு. இதை சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

ஆபரேஷனுக்கு பயந்து பத்து வருஷம் தள்ளிப்போட்டார். முன்னாடி பிரான்ஸ் பிரதமரா இருந்த கிளெமான்சோ அவர் நண்பர், டாக்டருக்கு படிச்சவரும் கூட, அவர் விடாம சொல்லி 1923ல வலது கண்ணுக்கு மட்டும் செஞ்சுக்கிட்டார். புரை புடிச்ச லென்ஸை எடுத்துட்டு பதிலுக்கு உள்ள வைக்கற லென்ஸ் அப்ப கிடையாது, 1949ல லண்டன்ல கண் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி வெச்சது தான் முதல். தடி கண்ணாடி போட்டுட்டு எல்லாம் ஒரே நீலமா தெரியுதுன்னு மோனே தவிச்சார். இடது கண்ணை 1926ல சாகற வரைக்கும் தொட விடல.

அவர் பயந்ததுல நியாயம் இருந்துச்சு, இன்னிக்கு "நல்லா முத்தட்டும் டாக்டர்"னு சொல்றதுல இல்ல. முத்தினா புரை கெட்டியாகி எடுக்கறது தான் கஷ்டமாகும். இப்ப மூணு மில்லிமீட்டர் கூட வராத வெட்டு, மடக்கி வைக்கற லென்ஸ், பெரும்பாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஒரு கண்ணுக்கு முடிச்சவங்க அந்தக் கண்ணால சுவத்தைப் பாத்து வெள்ளைன்றாங்க, மத்த கண்ணால பாத்துட்டு மஞ்சள்ன்றாங்க, "இத்தனை நாளா இப்படியா பாத்துட்டு இருந்தேன்"னு கேக்கறாங்க.

வீட்ல பெரியவங்க கருநீலத்தையும் கருப்பையும் மாத்தி எடுக்கறாங்கன்னா, வெள்ளைத் துணியில மஞ்சள் கறை தெரியலன்னா, ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. சுகர் இருந்தா இன்னும் சீக்கிரம் போங்க, அது விழித்திரையையும் கெடுக்கலாம், புரை முத்திட்டா பின்னாடி இருக்க அந்த விழித்திரைய எங்களால பாக்கவே முடியாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில லென்ஸோட சேர்த்து இலவசமாவே செய்யறாங்க.