மூன்று லியாங் பட்டை என்றால் எவ்வளவு?

பட்டை மூன்று லியாங் (பழைய சீன எடை), பியோனி வேர் மூன்று, இஞ்சி மூன்று, வறுத்த அதிமதுரம் இரண்டு, சீன இலந்தை 12. ஏழு ஷெங் (இது முகத்தல் அளவு) தண்ணீர் ஊற்றி, மூன்று ஷெங்காகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்ச வேண்டும். வடிகட்டி ஒரு ஷெங் குடித்துவிட்டு, சற்று நேரம் கழித்துச் சூடான அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுத்தால் லேசாக வியர்க்கும். ஆறாக ஓடினால் தப்பு.

நம் வீட்டுப் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கிறது அல்லவா? இதன் பெயர் குய்ஜி தாங். வியர்த்துக்கொண்டே காய்ச்சல் அடிப்பவர்களுக்கான கஷாயம். கி.பி. 200ஐ ஒட்டி சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய நூலில் இருக்கிறது. தன் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், பத்தே ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள், அதில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது குளிர்க் காய்ச்சல் என்று அந்த நூலின் முன்னுரை சொல்கிறது.

அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. போரில் சிதறிய ஏடுகளை வாங் ஷூஹே என்ற வைத்தியர் தொகுத்தார். ஏழாம் நூற்றாண்டில் சுன் ஸிமியாவ் என்ற இன்னொரு வைத்தியர், தெற்கத்தி வைத்தியர்கள் ஜோங்ஜிங்கின் முறைகளை வெளியே விடாமல் பொத்தி வைக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். 1065இல் சோங் அரசின் மருத்துவ நூல் திருத்த அலுவலகம் பாடத்தைச் சரிபார்த்து அச்சிட்டது. அந்த அச்சுப் பிரதியும் தப்பவில்லை. இன்று பெரும்பாலும் நாம் படிப்பது அதை வைத்து 1599இல் வந்த மறு அச்சைத்தான்.

பெயர் மாறாமல் வந்துவிட்டது. பொருளும் எடையும்தான் வழியில் நழுவின.

முதலில் பட்டை. 'குய்ஜி' என்ற சொல்லில் 'குய்' என்பது காசியா எனும் சீனப் பட்டை மரம், 'ஜி' என்றால் கிளை, குச்சி. இன்றைய சீன மருந்துக் கடையில் குய்ஜி கேட்டால் காசியா மரத்தின் இளங்குச்சியை நறுக்கித் தருவார்கள். ஆனால் பழைய குறிப்பு அந்தச் சரக்குக்குப் பக்கத்தில் 'தோலை நீக்கு' என்கிறது. இளங்குச்சியில் தோலை நீக்கிவிட்டால் மிச்சம் வெறும் கட்டைதான்; மணமும் காரமும் தோலில்தானே இருக்கின்றன! மரப்பட்டை என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. மேலே உள்ள சொரசொரப்பைச் சுரண்டிவிட்டு உள்பட்டையை எடு என்று பொருளாகிவிடும். 1972இல் கான்சு மாகாணத்தின் வூவெய் நகரருகே, ஜோங்ஜிங் வாழ்ந்த ஹான் அரச மரபின் காலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த மருத்துவ ஓலைகளும் (மரச் சீவல்கள் என்பதே சரி) இதற்குத் துணை நிற்கின்றன. அவற்றில் ஓர் இருமல் கஷாயத்துக்கு 'குய் ஒரு ச்சி' என்றிருக்கிறது, அதாவது ஏறக்குறைய 23 செ.மீ. கிளை என்ற பேச்சே இல்லை. வெறும் 'குய்'யை 'குய்ஜி' என்று ஒரே சீராக மாற்றியது சோங் காலத் திருத்துநர்கள்தான் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அந்தத் 'தோலை நீக்கு' என்ற இரண்டு எழுத்துகளைப் பார்த்தபின் எனக்கும் அவர்கள் பக்கமே சாயத் தோன்றுகிறது.

அடுத்தது எடை. 16ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் என்ற வைத்தியர், பழைய ஒரு லியாங்குக்கு இப்போது ஒரு சியென் போதும் என்றார். சியென் என்பது லியாங்கில் பத்தில் ஒரு பங்கு. அதை ஒட்டித்தான் இன்றைய பாடநூல்கள் மூன்று லியாங்குக்கு 9 கிராம் போடுகின்றன. ஆனால் கி.பி. 179இல் ஹான் அரசு வார்த்த வெண்கல எடைக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. அது 12 ஜின் கல். நிறுத்தால் 2,996 கிராம். ஒரு ஜின்னுக்கு 16 லியாங் என்று வகுத்தால் ஒரு லியாங் 15.6 கிராம். மூன்று லியாங் 47 கிராம்! பாடநூல் அளவைப் போல ஐந்து மடங்கு.

அப்படியென்றால் இவ்வளவு நாளும் குறைத்துக் கொடுத்துவிட்டார்களா? அவசரப்பட வேண்டாம். அந்த 47 கிராம் மூன்று வேளைக்கானது. முதல் வேளையிலேயே வியர்த்துச் சரியாகிவிட்டால் மிச்சத்தைக் குடிக்காதே என்று நூலே சொல்கிறது. அதாவது ஒரு வேளைக்கு 15.6 கிராம். அப்படிப் பார்த்தாலும் அது இன்றைய ஒரு நாள் அளவைவிடக் கூடுதல்தான். சண்டை இன்னும் ஓயவில்லை.

ஜப்பானில் இதே கஷாயத்துக்குக் கெய்ஷிதோ என்று பெயர். எழுத்தும் அதேதான், 'ஷி' என்றால் அங்கேயும் கிளைதான். ஆனால் உள்ளே போடுவது பட்டை, நாள் ஒன்றுக்கு நான்கு கிராம் அளவில்.