ஃபிஷிங்: தமிழில் தூண்டில் மோசடி

"உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. இரண்டு முறை கொண்டுவந்தோம், முகவரி முழுமையாக இல்லை. 48 மணி நேரத்துக்குள் கீழுள்ள இணைப்பில் திருத்தவும்." இந்திய அஞ்சல் துறையின் பெயரில் பலருடைய செல்போனுக்கும் வந்த இந்தச் செய்தி போலி என்று, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தைச் (பிஐபி) சேர்ந்த உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு 2024-இல் அறிவித்தது. இந்த வகை ஏமாற்றுக்குத்தான் ஃபிஷிங் என்று பெயர்.

மீன்பிடித்தலுக்கான ஆங்கிலச் சொல்லேதான். தொடக்கத்தில் 'எஃப்' இருந்த இடத்தில் 'பிஎச்' ஏறிக்கொண்டது. 1970களில் தொலைபேசி இணைப்பகங்களை 2600 ஹெர்ட்ஸ் ஒலியால் ஏமாற்றி ஓசியில் பேசிய 'ஃபோன் ஃப்ரீக்' கூட்டத்தின் எழுத்துக் குறும்பு அது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஏஓஎல் இணையச் சேவையில், நிறுவன ஊழியர்போல நடித்துக் கடவுச்சொல் கறந்தவர்கள் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'மீன்பிடித்தல்' என்றால் சிரிப்புத்தான் வரும். 'தகவல் திருட்டு' என்பதும் எனக்கு ஒட்டவில்லை. திருடன் நமக்குத் தெரியாமல் எடுப்பவன். இங்கே நாமே தட்டச்சு செய்து கொடுக்கிறோம். தூண்டில் என்பதே சரி. 'தூண்டு' என்ற வினையும் அதற்குள் காதில் விழுகிறது. இரை என்று நம்பி மீன் விழுங்கும் இரும்பைத் 'தூண்டிற்பொன்' என்கிறது குறள் 931. அங்கே பேச்சு சூதாட்டத்தைப் பற்றி; பொன் என்றால் இரும்பு. குறுஞ்செய்தியில் வரும் ஸ்மிஷிங்கைக் குறுஞ்செய்தித் தூண்டில் என்றும், போனில் பேசி ஏமாற்றும் விஷிங்கை அழைப்புத் தூண்டில் என்றும் சொல்லிவிடலாம்.

பார்சல் செய்தியில் இரும்பு எங்கே இருக்கிறது? இணைப்பில். தொடக்கத்தில் 'இந்தியாபோஸ்ட்' என்று இருந்தாலும், 'https://'-ஐ விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அஞ்சல் துறையின் தளம் 'ஜிஓவி.இன்' என்று முடியும், போலி '.டாப்' போல ஏதாவது ஒன்றில் முடியும். உள்ளே போனால் முகவரி, அப்புறம் மறுபடி கொண்டுவரச் சில்லறைக் கட்டணம். அந்தச் சில்லறை இரைதான். அவர்களுக்கு வேண்டியது கார்டு எண். சில செய்திகள் 'ஒய்' என்று பதில் அனுப்பச் சொல்லும். ஐபோனில் அறியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பு, பதில் போட்ட பிறகுதான் திறக்கும் என்பதால் அந்த ஏற்பாடு.

ஸ்பீட் போஸ்ட் ரசீதில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்' என்று 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். அதை அஞ்சல் துறைத் தளத்தில் நீங்களே போய்த் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.